படம் மறந்த ஃப்ரெடிக்கு ஒரு பாட்டு

1972-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படத்தில் ஃப்ரெடி என்றொரு மனிதர் வருகிறார். பருத்த உடம்பு, பயந்த சுபாவம், கையில் காசு தங்காதவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கொகெய்ன் விற்கும் கதாநாயகனுக்குக் கீழே சில்லறை வேலை பார்ப்பவர். பணம் வந்து சேரவில்லை என்றால் அவருடைய மனைவியைத் தெருவில் தொழிலுக்கு நிறுத்திவிடுவதாகக் கதாநாயகனே மிரட்டுகிறான். பிறகு போலீஸ் பிடிக்கிறது, அடிக்கிறது. அடி தாங்காமல் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறார். தப்பி ஓடப் பார்க்கையில் கார் மோதிச் செத்துப்போகிறார். படம் அவருக்காக நிற்கவில்லை. கதாநாயகனின் கோட்டும் தொப்பியும் காரும் அடுத்த காட்சிக்குப் போய்விடுகின்றன.

படத்தின் பெயர் 'சூப்பர் ஃப்ளை'. அதற்கு இசையமைத்தவர் கர்டிஸ் மேஃபீல்டு. படம் கண்டுகொள்ளாத அந்த ஃப்ரெடிக்காக அவர் ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டுதான் அந்த ஆண்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது.

இந்தப் பத்தியில் அமெரிக்கப் பாடகர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதே 1972-ல்தான் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெயரை எடுத்தது அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து. அந்த இயக்கத்தின் வாரிசுகள் நம் ஊர்களிலும் உண்டு. சிறுத்தைகளின் பெயரை நாம் அறிவோம். அவர்கள் நடமாடிய தெருக்களில் என்ன பாட்டு ஒலித்தது, அதைப் பாடியவர் யார் என்பதை அவ்வளவாக அறியோம். அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்ப்பதற்குத்தான் இது.

கர்டிஸ் மேஃபீல்டு 1942 ஜூன் 3 அன்று சிகாகோவில் பிறந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டையும் தனித் தண்ணீர்க் குழாயையும் கும்பல் கொலையையும் விட்டு ஓடிவந்த கறுப்பின மக்களின் பேரன் அவர். 1910-க்கும் 1970-க்கும் இடையில் அப்படி வடக்கே போனவர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். போன இடத்திலும் எங்கு வேண்டுமானாலும் வீடு எடுக்க முடியவில்லை. ஊருக்குள் அவர்களுக்கென்று சில பகுதிகள் வரையறுக்கப்பட்டிருந்தன. அந்தக் கோட்டைத் தாண்டி வாடகைக்குக் கேட்டால் கதவு திறக்காது. இதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கர்டிஸுக்கு ஐந்து வயதானபோது அப்பா வீட்டைவிட்டுப் போனார். அம்மா மரியன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக மாறினார். கடைசியில் சிகாகோவின் கப்ரினி குடியிருப்பில் வீடு கிடைத்தது. நம் ஊர் ஹவுசிங் போர்டு போல அரசு கட்டிக்கொடுத்த வீடுகள். பிற்காலத்தில் அதைச் சுற்றி உயரமான அடுக்குமாடிகள் எழுந்து, குற்றச் செய்திகளுக்கு மட்டுமே நாடு முழுவதும் தெரிந்த இடமாகி, 2011-க்குள் அந்த அடுக்குமாடிகள் இடிக்கப்பட்டன. கர்டிஸ் போன காலத்தில் அது தண்ணீரும் வெந்நீரும் வருகிற நல்ல வீடு.

பள்ளியில் அவரைக் கருநிறத்துக்காகவும் முன்பற்களுக்காகவும் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் கறுப்பினப் பிள்ளைகள்தான். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே மேல் கீழ் பார்க்கும் வழக்கம் எந்தக் கண்டத்திலும் புதிதல்ல. 1969-ல் அவர் எழுதிய 'சாய்ஸ் ஆஃப் கலர்ஸ்' என்ற பாட்டு இந்த நிறப் பிரச்சினையை நேராகவே தொடுகிறது.

பாட்டு வந்தது அப்பாவின் அம்மா வழியாக. பாட்டி ஆனி பெல் ஒரு சிறிய சபை நடத்தினார், அவரே பிரசங்கியார். அந்தச் சபையில்தான் கர்டிஸ் பாட ஆரம்பித்தார். அங்கே ஜெர்ரி பட்லர் என்ற சற்று மூத்த பையனும் சேர்ந்தான். கிடாரைக் கர்டிஸுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பியானோவில் கறுப்புக் கட்டைகளை மட்டும் தட்டினால் ஒரு மெட்டு வந்தது, அது அவருக்குப் பிடித்தது. கிடாரின் ஆறு தந்திகளையும் அந்தக் கறுப்புக் கட்டைகளுக்கு ஏற்றபடி முறுக்கிச் சுருதி கூட்டிக்கொண்டார். மற்றவர்கள் கிடாருக்குச் சுருதி வைக்கும் முறை அது அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. கடைசிவரை மாற்றவில்லை. தேர்ந்த கலைஞர்கள்கூட அவர் கிடாரை வாங்கி வாசிக்கத் தடுமாறுவார்கள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். நண்பர்கள் சேர்ந்து நடத்திய குழுவுக்கு 'இம்ப்ரெஷன்ஸ்' என்று பெயர். 1958-ல் ஜெர்ரி பட்லர் பாடிய ஒரு பாட்டு பெரிய வெற்றி பெற்றது. வெற்றி வந்ததும் பட்லர் தனியே போய்விட்டார். குழு கிட்டத்தட்ட கலைந்தது. கர்டிஸ் கொஞ்ச காலம் பட்லருக்கே கிடார் வாசித்தும் பாட்டு எழுதிக்கொடுத்தும் பிழைத்தார். அந்தக் காலத்தில்தான், இருபது வயது ஆவதற்கு முன்பே, அவர் தன் வாழ்க்கையை மாற்றிய காரியம் ஒன்றைச் செய்தார். மேடையில் அல்ல, காகிதத்தில்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஓர் இசைத்தட்டு விற்றால் பணம் இரண்டு வழியாகப் பிரியும். பதிவு செய்த கம்பெனி, பாடியவர் என்று ஒரு வழி. பாட்டை எழுதியவர், அந்தப் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பகம் என்று இன்னொரு வழி. பாடகரின் குரல் ஓய்ந்த பிறகும், வேறு யாராவது அதே பாட்டைப் பாடினாலும், வானொலியில் ஒலித்தாலும், இந்த இரண்டாவது வழியில் பணம் வந்துகொண்டே இருக்கும். கறுப்பினக் கலைஞர்கள் பலர் இதை அறியாமலோ, அறிந்தும் வேறு வழியில்லாமலோ, சில டாலர்களுக்குப் பாட்டின் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அவர்களுடைய பாட்டால் மற்றவர்கள் மாளிகை கட்டினார்கள். பாடியவர்களில் பலருடைய கல்லறைக்குப் பெயர்க் கல்கூட இல்லாமல் போனது.

கர்டிஸ் அரசுக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து தகவல்களை வரவழைத்துப் படித்தார். தன் பாட்டுகளுக்குத் தானே பதிப்பகம் தொடங்கினார். அவருக்குச் சற்று முன்னால் சாம் குக் என்ற பாடகர் அந்த வழியில் போயிருந்தார். அப்படிச் செய்த கறுப்பினக் கலைஞர்களை அப்போது விரல்விட்டு எண்ணலாம். பள்ளி முடிக்காத, அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு பையன் செய்த காரியம் இது. 1968-ல் நண்பர் எடி தாமஸோடு சேர்ந்து 'கர்டம்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தையே சிகாகோவில் தொடங்கினார்.

இடையில் 'இம்ப்ரெஷன்ஸ்' மீண்டும் எழுந்தது. கர்டிஸ், சாம் குடன், ஃப்ரெட் கேஷ் என்று மூவர். 1961-ல் 'ஜிப்ஸி வுமன்' கைகொடுத்தது. 1963-க்குப் பிறகு ஜானி பேட் என்ற இசை ஒருங்கிணைப்பாளர் சேர்ந்தார். கர்டிஸ் மெல்லிய, மேல் ஸ்தாயிக் குரல்காரர். ஜேம்ஸ் பிரவுனைப் போல மேடையை அதிரவைப்பவர் அல்ல. காதோடு காதாகச் சொல்லுவது போலப் பாடுவார். அந்தக் குரலில்தான் 1964-ல் 'கீப் ஆன் புஷிங்', 1965-ல் 'பீப்பிள் கெட் ரெடி' வந்தன. தேவாலயத்தின் மொழி அப்படியே இருந்தது, ஆனால் அது பேசியது மறுமையை மட்டும் அல்ல. குடியுரிமைப் போராட்ட ஊர்வலங்களில் மக்கள் இந்தப் பாட்டுகளைப் பாடினார்கள்.

1966-ல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கே வந்து மேற்குப் பகுதியில் ஒரு வீட்டில் குடியேறி, கறுப்பினத்தவருக்கு எங்கும் வீடு கிடைக்க வேண்டும் என்று ஊர்வலம் நடத்தினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் மார்க்கெட் பார்க் வழியாகப் போனபோது வெள்ளையர் கூட்டம் எறிந்த கல் அவர் தலையில் பட்டது. தெற்கில் பார்க்காத வெறுப்பைக் கர்டிஸின் ஊரில் பார்த்தார். 1967-ன் கடைசியில் கர்டிஸ் 'வீ ஆர் எ வின்னர்' என்ற பாட்டை வெளியிட்டார். கறுப்பின மக்கள் தலைநிமிர்வதைப் பற்றியது. சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. கறுப்பின மக்கள் வாங்கும் இசைத்தட்டுகளின் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது.

1968 ஏப்ரலில் கிங் கொல்லப்பட்டார். 1969 டிசம்பர் 4 அதிகாலை, சிகாகோ கறுப்புச் சிறுத்தைகளின் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனைப் போலீஸார் அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 21. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட்டுக்கொண்டிருந்த இயக்கம் அது. 1970-ல் கர்டிஸ் குழுவிலிருந்து விலகித் தனியே பாட ஆரம்பித்தபோது அவருடைய இசையும் மாறியது. பேஸ் கிடார் முன்னுக்கு வந்தது. காங்கோ மேளம் விடாமல் ஓடியது. நம்பிக்கை குறையவில்லை, ஆனால் பயமும் எச்சரிக்கையும் கலந்துவிட்டன.

அந்த நிலையில்தான் 'சூப்பர் ஃப்ளை' வந்தது. நியூயார்க்கில் லிங்கன் சென்டரில் கர்டிஸ் பாடி முடித்த ஓர் இரவில், தயாரிப்பாளர் சிக் ஷோரும் கதாசிரியர் ஃபிலிப் ஃபென்டியும் கையில் திரைக்கதையோடு வந்தார்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்திலேயே அவர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் திரைக்கதையை எழுதியவர் கறுப்பினத்தவர், இயக்கிய கார்டன் பார்க்ஸ் ஜூனியர் கறுப்பினத்தவர், நடித்த ரான் ஓநீலும் அப்படியே. பணமில்லாமல் ஹார்லெம் தெருக்களிலேயே எடுத்த படம். முந்தைய ஆண்டுதான் இயக்குநரின் அப்பா கார்டன் பார்க்ஸ் 'ஷாஃப்ட்' என்ற படத்தை எடுத்திருந்தார். அதன் பாட்டுக்காக ஐசக் ஹேய்ஸ் 1972-ல் ஆஸ்கர் வாங்கினார். சிறந்த பாடலுக்கு அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். கறுப்பினப் பார்வையாளர்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்று ஹாலிவுட்டுக்குத் திடீரென்று விளங்கியிருந்த நேரம்.

கதை இது. பிரீஸ்ட் என்ற போதைப் பொருள் வியாபாரி தொழிலைவிட்டுப் போக நினைக்கிறான். போவதற்கு முன் 30 கிலோ கொகெய்னை விற்றுப் பத்து லட்சம் டாலர் பார்த்துவிட வேண்டும். சரக்கின் மேல்முனையில் இருப்பது ஒரு வெள்ளை போலீஸ் அதிகாரி. கடைசியில் பிரீஸ்ட் அந்த அதிகாரியையே மடக்கிவிட்டுத் தப்பிப் போகிறான். ஒரு கறுப்பினக் கதாநாயகன் வெள்ளை அதிகாரியை முகத்துக்கு நேராக வென்று, உயிரோடு கார் ஏறிப் போவதை அதுவரை எத்தனை படத்தில் பார்த்திருப்பார்கள்? அரங்கில் கைதட்டல் எழுந்ததில் வியப்பில்லை.

திரைக்கதையாகப் படித்தபோது கர்டிஸுக்குப் பிடித்துத்தான் இருந்தது. எடுத்த காட்சிகளைப் பார்த்தபோதுதான், இது கொகெய்னுக்கு எடுத்த விளம்பரப் படம் போல இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. படத்தின் நடுவில் புகைப்படங்களாலேயே கோத்த ஒரு காட்சித் தொடர் வரும். ஏழை, பணக்காரர், கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் கொகெய்ன் வாங்குகிறார்கள், உறிஞ்சுகிறார்கள், சிரிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். அதுதான் சிக்கல்.

படத்தைவிட்டு விலகியிருக்கலாம். அல்லது கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கியிருக்கலாம். அவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். படம் காட்டும் ஆட்களைப் பற்றியே பாட்டு எழுதினார், ஆனால் படம் பார்க்காத இடத்திலிருந்து பார்த்தார். இசைத்தட்டில் ஒன்பது உருப்படிகள். பெரும்பகுதி சிகாகோவில் பதிவானது. ஜானி பேட் வயலின்களையும் ஊதுகருவிகளையும் எழுதினார். ஜோசஃப் லக்கி ஸ்காட் பேஸ் வாசித்தார். காங்கோ மேளம் மாஸ்டர் ஹென்றி கிப்ஸன்.

முதல் பாட்டிலேயே கதாநாயகன் இல்லை. அப்பன் இல்லாத வீட்டில், கவனிப்பாரற்று, தெருவில் திரியும் ஒரு குழந்தை இருக்கிறது. கர்டிஸ் இதற்கு வெளியே எங்கும் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது பாட்டு 'புஷர்மேன்'. விற்பவனே தன் வாயால் பேசுகிறான். அம்மாவும் நான்தான், அப்பாவும் நான்தான், வைத்தியனும் நான்தான் என்கிற தோரணை. மெட்டு இழுக்கும், கேட்கிறவர் தாளம் போடுவார், போட்டுக்கொண்டிருக்கும்போதே எதற்குத் தாளம் போடுகிறோம் என்ற சங்கடமும் வரும். படத்தில் ஓர் இரவு விடுதிக் காட்சியில் கர்டிஸே தோன்றி இதைப் பாடுகிறார். அந்தப் புகைப்படத் தொடருக்குப் பின்னால் ஒலிப்பதும் இதுவே. பாட்டு விற்பவனைக் கண்டிக்கிறதா, அழகாக்குகிறதா என்று இன்றும் பேசுகிறார்கள். எங்கள் காதுக்கு இரண்டும் கேட்கிறது.

மூன்றாவதுதான் 'ஃப்ரெடீஸ் டெட்'. கனத்த பேஸ் கிடார் நடைபோட, மேலே வயலின்கள் இழவு வீட்டுக் குரலில் இழுக்க, நடுவில் அந்த மெல்லிய குரல். ஃப்ரெடியை எல்லோரும் பயன்படுத்திக்கொண்டார்கள், அவன் செத்ததும் பேச ஆளில்லை என்பதுதான் பாட்டின் சாரம். குற்றம் சாட்டும் பாட்டு. போலீஸை மட்டுமல்ல, நம்மையும், அதாவது அவனுடைய தெருக்காரர்களையும், நல்லது சொல்லத் தெரிந்தும் வாய் மூடி இருந்தவர்களையும். கதாநாயகனுக்காகச் செத்துப்போகும் அப்பாவி நண்பனை எல்லா மொழிப் படங்களிலும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த நண்பனுக்குத் தனியாக ஒரு பாட்டு இருப்பதைப் பார்த்ததில்லை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். படம் தொடங்கும்போதே இந்த மெட்டு ஒலிக்கிறது. இடையிடையேயும் வருகிறது. ஆனால் வெறும் இசையாக மட்டும். ஃப்ரெடி சாவதைச் சொல்லும் சொற்களில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. சொற்களோடு பாட்டைக் கேட்க வேண்டுமானால் இசைத்தட்டைத்தான் வாங்க வேண்டும். வாங்கினார்கள். படத்துக்கு முன்பே கடைக்கு வந்த அந்தத் தனிப்பாட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இசைத் தொகுப்பு ஜூலையில் வந்து, அக்டோபரில் நாட்டின் முதலிடத்துக்குப் போய் நான்கு வாரம் அங்கேயே இருந்தது. ஆஸ்கர் நேரத்தில் அந்தப் பாட்டைப் போட்டியில் சேர்க்க முடியவில்லை. படத்தில் பாடல் வரிகள் பாடப்படவில்லை என்பதே காரணம். ஃப்ரெடி இரண்டாம் முறையும் ஓரங்கட்டப்பட்டார்.

மீதிப் பாட்டுகளில் 'நோ திங் ஆன் மீ' போதை இல்லாமலே வாழ்க்கை இனிது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கூட்டாளி எடிக்கு ஒரு பாட்டு அறிவுரை சொல்கிறது. ஒரு காதல் பாட்டும் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைசிப் பாட்டு 'சூப்பர்ஃப்ளை' தப்பிப் போகும் கதாநாயகனுக்கானது. அதுவும் பத்து லட்சத்தைத் தாண்டியது, எட்டாம் இடம் வரை போனது.

படத்துக்கு எதிர்ப்பு கறுப்பின அமைப்புகளிடமிருந்தே வந்தது. நிறவெறிக்கு எதிராகப் பல்லாண்டு போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் ஹாலிவுட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின், இந்த வகைப் படங்கள் கறுப்பின மக்களைச் சுரண்டுகின்றன என்று சொல்லி அதற்கு 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று பெயரே வைத்தார். பிள்ளைகள் பிரீஸ்டைப் போலத் தலைமுடி வளர்க்கிறார்கள், கழுத்தில் கொகெய்ன் கரண்டி தொங்கவிடுகிறார்கள் என்று பெற்றோர் பதறினார்கள். எங்களை எப்போதும் வேலைக்காரர்களாகவே காட்டினீர்கள், இப்போது கயவர்களாகக் காட்டுகிறீர்கள் என்பது ஒரு பக்கத்து நியாயம். எங்கள் ஆளே எடுத்த, எங்கள் ஆள் ஜெயிக்கிற படம் என்பது இன்னொரு பக்கம். தங்களைத் திரையில் தேடும் எந்தச் சமூகத்துக்கும் இந்த வழக்கு ஓயாது.

கர்டிஸ் இதில் முழுக்கத் தப்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே வந்த அவர் பாட்டுகள்தான் படத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம். போதையை எச்சரிக்கும் பாட்டைக் கேட்டவர்கள், போதையை மினுக்கிக் காட்டும் படத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

தெருவில் அப்போது நடந்துகொண்டிருந்தது படத்தைவிடக் கொடியது. ஹெராயின் கறுப்பினக் குடியிருப்புகளை அரித்துக்கொண்டிருந்தது. 1971 ஜூனில் நிக்ஸன் போதையை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். 1973-ல் நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லர் கொண்டுவந்த சட்டப்படி, இரண்டு அவுன்ஸ் ஹெராயினோ கொகெய்னோ விற்றாலே குறைந்தது 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். இரண்டு அவுன்ஸ் என்றால் 57 கிராம் கூட இல்லை. சிறைக்குப் போனவர்கள் பிரீஸ்டுகள் அல்ல, ஃப்ரெடிகள். அவர்களில் மிகப் பெரும்பான்மை கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க மக்களும்.

'சூப்பர் ஃப்ளை' தந்த பணம் பிறர் கைக்குப் போகாமல் கர்டிஸிடமே வந்தது. பாட்டு அவருடையது, பதிப்பகம் அவருடையது, இசைத்தட்டு நிறுவனமும் அவருடையது. வேறொரு கம்பெனியின் சம்பளப் பாடகராக இருந்திருந்தால், படத்தோடு வாதாடும் இப்படியொரு தொகுப்பை அவர் விருப்பப்படி வெளியிட விட்டிருப்பார்களா என்பது சந்தேகம். பின்னர் கிளாடிஸ் நைட்டுக்கு 1974-ல் 'கிளாடின்', ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழுவுக்கு 1975-ல் 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்', அரீதா ஃபிராங்க்ளினுக்கு 1976-ல் 'ஸ்பார்க்கிள்' என்று வரிசையாகப் படங்களுக்கு இசையமைத்தார். 'கிளாடின்' அரசு உதவித்தொகையில் ஆறு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு கறுப்பினத் தாயின் கதை. அது தனியாகவே எழுத வேண்டிய படம்.

ஆனால் உரிமையைப் பற்றி இவ்வளவு அறிந்தவர், அதைப் பிறருக்குத் தருவதில் கை இறுக்கமானவர். 'சூப்பர் ஃப்ளை' தொகுப்பில் பாடல் வரி இல்லாத இரண்டு இசைத் துண்டுகள் உண்டு. அவை தன் படைப்பு என்றார் ஜானி பேட். தட்டில் கர்டிஸின் பெயர் மட்டுமே இருந்தது. பத்தாண்டு நட்பு அதோடு முறிந்தது. மகன் டாட் மேஃபீல்டு 2016-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, வீட்டில் அவர் பாட்டில் தெரியும் மென்மையான மனிதராக எப்போதும் இருக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் குணம் அவரைக் காப்பாற்றியது, சுற்றி இருந்தவர்களைக் காயப்படுத்தியது.

1980 வாக்கில் சிகாகோவில் கர்டம் மூடப்பட்டது. டிஸ்கோ அலையில் அவர் குரலுக்குக் கிராக்கி குறைந்தது. அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த வறண்ட காலத்திலும் பழைய பாட்டுகளை இளைஞர்கள் கண்டெடுத்தார்கள். 1988-ல் ராப் பாடகர் ஐஸ்-டி, 'புஷர்மேன்' மெட்டை எடுத்து, நான் விற்பது போதையை அல்ல, இசையை என்று திருப்பிப் பாடினார்.

1990 ஆகஸ்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் நிகழ்ச்சி. மழைக்காற்று கிளம்பியது. கர்டிஸ் மேடை ஏறிய சமயம், விளக்குகள் கட்டியிருந்த சாரம் காற்றில் சாய்ந்து அவர் மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போனது. வயது 48. வேறு யாருக்கும் எளிதில் வசப்படாத அந்தச் சுருதியில் கட்டிய கிடாரை அவர் மறுபடி வாசிக்கவில்லை.

ஆறு ஆண்டு கழித்து, 1996-ல், ஒரு புதிய தொகுப்பு வெளியிட்டார். உட்கார்ந்தால் பாடுவதற்கு மூச்சு போதாது. மல்லாந்து படுத்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும் என்று கண்டுகொண்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரைப் படுக்கவைத்து, வாய்க்கு மேல் மைக்கைத் தொங்கவிட்டார்கள். ஒரு வரி பாடுவார், ஓய்வெடுப்பார், அடுத்த வரி. அப்படி வரி வரியாகச் சேர்த்துப் பாட்டாக்கினார்கள். அரீதா ஃபிராங்க்ளினும் மேவிஸ் ஸ்டேபிள்ஸும் வந்து கூடப் பாடினார்கள். 'நியூ வேர்ல்டு ஆர்டர்' என்ற அந்தத் தொகுப்பைக் கேட்பவருக்கு இந்தச் சிரமம் எதுவும் தெரியாது.

1998-ல் சர்க்கரை நோயால் வலது காலை எடுத்தார்கள். 1999 டிசம்பர் 26 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வெல் ஊரில் 57 வயதில் காலமானார். கார்டன் பார்க்ஸ் ஜூனியர் அதற்கு இருபது ஆண்டு முன்பே கென்யாவில் விமான விபத்தில் இறந்திருந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாத்து வைக்கும் ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இப்போது 'பீப்பிள் கெட் ரெடி'யும் 'சூப்பர் ஃப்ளை' தொகுப்பும் இருக்கின்றன.

கேட்க விரும்புகிறவர்கள் படத்தை முதலில் பார்க்க வேண்டாம். தொகுப்பை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு படத்தைப் போட்டால், தொடக்கத்தில் சொற்களின்றி வரும் மெட்டு யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.